பழங்கருவியும் பழம்பாடலும்: ஒலிப்பதிவு மீட்டுருவாக்கம் குறித்து மலைபடுகடாத்தின் வழி ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இக்கால இசைக்குழுக்கள் பழம்பாடல்களைப் பழைய அனலாக் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு மீண்டும் பதிவு செய்யும் போக்கு கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. இப்போக்கு மீட்டுத் தருவது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘அமெரிக்கன் எபிக் அமர்வுகள்’ (2017), நீல் யங்கின் ‘எ லெட்டர் ஹோம்’ (2014) ஆகிய பதிவுகளும் தமிழ்த் திரையிசை மறுகலவையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் பகுதியைக் களமாகக் கொண்ட மலைபடுகடாம் காட்டும் ஒலிநிரலும், அம்மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் கருவி மரபும் மதிப்பீட்டு அளவுகோல்களாக அமைகின்றன. பழங்கருவியின் மதிப்பு அது தரும் ஒலிநிறத்தில் இல்லை, அது வற்புறுத்தும் நிகழ்த்துமுறையில் உள்ளது என்பதும், இவ்வேறுபாட்டை உணராவிடில் மலைவாழ் மக்களின் பாடல்களைப் பதிவதில் பிழை நேரும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச் சொற்கள்: அனலாக் ஒலிப்பதிவு, மீட்டுருவாக்கம், மலைபடுகடாம், ஜவ்வாது மலை, மலையாளி பழங்குடியினர், களப்பதிவு.

முன்னுரை

ஒரு பாடலைப் பதிவதற்கு எல்லையற்ற ஒலித்தடங்களையும் திருத்தங்களையும் இன்றைய கணினி அளிக்கிறது. சுருதி பிசகினால் சரிசெய்யலாம். தாளம் தவறினால் நகர்த்தலாம். ஒருவரையொருவர் காணாத கலைஞர்களை ஒரே பாடலில் இணைக்கலாம். இவ்வளவு வசதியும் கைவந்த காலத்தில்தான் இசைக்குழுக்கள் பல, காந்த நாடாவையும் வெற்றிடக்குழல் பெருக்கிகளையும் இசைத்தட்டு கீறும் பொறிகளையும் தேடிச் செல்கின்றன. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கும் டாப்டோன் நிறுவனம் நாடாப்பதிவையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. எமி வைன்ஹவுசின் ‘பேக் டு பிளாக்’ (2006) தொகுப்பின் ஒரு பகுதி அங்கே பதிவானது. ஃபூ ஃபைட்டர்ஸ் குழு ‘வேஸ்டிங் லைட்’ (2011) தொகுப்பை வீட்டு வண்டிக்கொட்டகை ஒன்றில் காந்த நாடாவில் பதிந்தது.

இதனைப் பழமையேக்கம் என்று ஒதுக்குவதும், ‘உண்மையான ஒலி’க்குத் திரும்புதல் என்று போற்றுவதும் எளிது. இரண்டும் ஆய்வுக்குப் போதா. ‘பழைய ஒலி’ என்னும் ஒற்றைத் தொடரில் இருவேறு பொருள்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிவதே இங்குச் செய்யவேண்டிய முதற்பணி.

நிறமும் ஒழுங்கும்

பழங்கருவி பாடலுக்குள் கொண்டுவருவனவற்றுள் முதலாவது நிறம். நாடாவின் மெல்லிய இரைச்சல், தட்டின் கீறல் ஒலி, உச்ச ஓசைகள் மழுங்குதல், வேகம் சற்றே தளர்ந்து மீளுதல் ஆகியன இதிலடங்கும். இவை கருவியின் குறைபாடுகள். அக்காலப் பொறியாளர்கள் இவற்றை நீக்கவே முயன்றனர். கேட்டுப் பழகிய செவிக்குக் காலப்போக்கில் இவை இனிமையாயின. எண்ணிம மென்பொருள் இன்று இந்நிறத்தை ஒரு சொடுக்கில் எந்தப் பாடலுக்கும் பூசிவிடும்.

இரண்டாவது ஒழுங்கு. பழங்கருவி தன்னைப் பயன்படுத்துவோர் மீது சில கட்டுப்பாடுகளைச் சுமத்துகிறது. பாடுவோரும் இசைப்போரும் ஒரே இடத்தில் ஒரே பொழுதில் கூடவேண்டும். குறித்த நேரத்திற்குள் பாடல் முடியவேண்டும். நிகழ்ந்த பிழையை அகற்ற வழியில்லை. மீண்டும் முதலிலிருந்து பாடவேண்டும். இவ்வொழுங்கை மென்பொருளால் பூசமுடியாது, மேற்கொள்ளவே முடியும்.

நிறம் கேட்போரிடம் விளையும் உணர்வைச் சார்ந்தது. ஒழுங்கு நிகழ்த்துவோரிடையே அமையும் உறவைச் சார்ந்தது. மீட்டுருவாக்கப் பதிவுகள் இவ்விரண்டில் எதனை நாடுகின்றன என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிடுதல் தகும்.

எடை இறங்கும் பொழுது

இப்போக்கின் மிகக் கடுமையான சோதனை ‘அமெரிக்கன் எபிக் அமர்வுகள்’ என்னும் ஆவணப்படமாகும். பெர்னார்ட் மக்மாகன் இயக்கிய இப்படத்திற்காக, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 1920களின் மின்னொலிப்பதிவு அமைப்பை நிக்கோலஸ் பெர்க் என்னும் பொறியாளர் பல இடங்களிலிருந்து உறுப்புகளைத் திரட்டி மீண்டும் உருவாக்கினார். ஜாக் வைட், டி போன் பர்னெட் ஆகியோரின் மேற்பார்வையில் அலபாமா ஷேக்ஸ், லோஸ் லோபோஸ், அவெட் பிரதர்ஸ் முதலான குழுக்களும் நாஸ், பெக், தாஜ் மகால், வில்லி நெல்சன் முதலான கலைஞர்களும் அதில் பாடினர்.

அக்கருவியில் ஒலிவாங்கி ஒன்றே. கலவைப் பலகை இல்லை. ஒருவரது ஒலி மிகுந்தால் அவர் பின்னே நகரவேண்டும். குறைந்தால் முன்னே வரவேண்டும். ஒலியளவு என்பது இங்கே காலடிகளால் தீர்மானிக்கப்படுகிறது. தட்டைச் சுழற்றுவது மின்விசை அன்று. கயிற்றுநாடாவில் தொங்கும் பளுவான எடை கீழிறங்கும் விசை. எடை தரையைத் தொடுவதற்குள், ஏறத்தாழ மூன்று நிமிடத்தில், பாடல் முடியவேண்டும். பதிவின்போது ஒருமுறை அந்நாடா அறுந்தது. இளமையில் இருக்கைகளுக்கு மெத்தை தைக்கும் தொழில் பழகிய ஜாக் வைட் அதனைத் தைத்துக் கொடுத்தார்.

மெம்பிஸ் ஜக் பேண்ட் 1928இல் பதிந்த பாடலை ராப் கலைஞரான நாஸ் பாடும் பகுதி தனித்துக் குறிக்கத்தக்கது. அவர் பழைய குரலைப் போலி செய்யவில்லை. தம் காலத்து ராப் நடையிலேயே பாடுகிறார். ஆயினும் உடனிசைப்போரைப் பார்த்துக்கொண்டும் மூச்சுக்கு இடம்விட்டும் பாடவேண்டிய கட்டாயம் அவருக்கும் உண்டு. பழம்பாடல் அங்கே பழம்பொருளாகாமல் நிகழ்கலையாகிறது. இது ஒழுங்கின் வெற்றி. நிறம் இதில் துணைமட்டுமே.

அதே படத்தில் அலபாமா ஷேக்ஸ் குழு பாடுவது மெம்பிஸ் மின்னி 1940களில் பதிந்த பாடலாகும். 1920களின் கருவி அப்பாடலுக்கு ஒருபோதும் உரியதாக இருந்ததில்லை. பாடல் தன் பிறப்பைவிடப் பழையதாக ஒலிக்கிறது. கேட்போர் இதனைப் ‘பழைய ஒலி’ என்றே ஏற்றுக்கொள்கின்றனர். வரலாற்றுப் பொருத்தம் இல்லாத இடத்திலும் நிறம் பழமை மயக்கத்தை உண்டாக்கவல்லது என்பதற்கு இது சான்று.

இம்மயக்கத்தின் எல்லையை நீல் யங்கின் ‘எ லெட்டர் ஹோம்’ காட்டுகிறது. நாஷ்வில் நகரில் ஜாக் வைட்டின் நிறுவனத்தில் உள்ள, 1947ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘வாய்ஸ்-ஓ-கிராஃப்’ என்னும் சிறு பெட்டியறையில் அமர்ந்து பிறரது பாடல்களை அவர் பாடினார். பெரும்பாலானவை 1960களையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1984ஆம் ஆண்டுப் பாடலும் அவற்றுள் ஒன்று. நிறத்தின் வழி நோக்கினால் இது வரலாற்றுப் பிழை. ஆனால் பொதுமக்கள் காசிட்டுத் தம் குரலைத் தட்டில் பதிந்து உறவினர்க்கு அனுப்புவதற்காகச் செய்யப்பட்ட அறை அது. யங் தம் தொகுப்பை மறைந்த தாய்க்குச் சொல்லும் செய்தியுடன் தொடங்குகிறார். கருவியின் நிறம் பொருந்தவில்லை. கருவியின் பயன் பொருந்துகிறது. குரல்மடல் எழுதும் பெட்டியில் அவர் குரல்மடலே எழுதினார். அத்தொகுப்பு நிலைபெறுவது இப்பொருத்தத்தால்தான்.

கருவி சென்றதும் பாடுவோர் வந்ததும்

தட்டைச் சுழற்ற எடையைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. நிறுவனங்கள் அக்கருவியைப் பெருநகர்க் கூடங்களில் மட்டும் வைத்திருக்கவில்லை. ஊர் ஊராகக் கொண்டு சென்றன. செல்லுமிடத்தில் மின்விசை சீராக இருக்கும் என்று நம்ப இயலாது. புவியீர்ப்பு எவ்விடத்தும் ஒரே சீரானது. 1927 சூலை, ஆகஸ்டு மாதங்களில் விக்டர் நிறுவனத்திற்காக ரால்ஃப் பீர், டென்னசி – வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகருக்குக் கருவிகளைக் கொண்டு வந்தார். அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து கார்ட்டர் குடும்பத்தார் வந்து பாடினர். ஜிம்மி ராட்ஜர்சும் அங்கேதான் முதன்முதலில் பதிவானார். அமெரிக்க நாட்டார் இசையின் வரலாறு அம்மலையடிவாரப் பதிவுகளைத் தன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதுகிறது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கருவி மீண்டெழுந்தபோது அது ஹாலிவுட்டின் ஒலிப்பதிவுக்கூடத்தில் நிலையாக வைக்கப்பட்டது. கலைஞர்கள் அதனை நாடி வந்தனர். பயணத்திற்காகப் பிறந்த கருவி, தரிசனத்திற்கு உரிய பொருளாயிற்று. கருவியின் உறுப்புகள் அனைத்தும் மீண்டன. அது சென்ற வழி மீளவில்லை. எனினும், அதே தொடரின் ஆவணப்பகுதிகள் பழம்பாடகர்தம் ஊர்களுக்குச் சென்றன என்பதையும் சொல்லவேண்டும். ஹோப்பி மக்களின் 1926ஆம் ஆண்டுப் பதிவு அம்மக்களிடமே கொண்டு செல்லப்பட்டது. கலைஞர்களின் அமர்வுகளைவிட இத்திரும்புதலே அத்தொடரின் ஆழமான மீட்பாகும்.

இந்தியாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. டச்சு இசையாய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் செய்த பதிவுகளை, நசீர் ஜெயராஸ்போயும் ஏமி காட்லினும் 1984இல் அவ்வூர்களுக்கே எடுத்துச் சென்று, பாடல்கள் நிலைத்ததையும் மாறியதையும் ஆராய்ந்தனர். அண்மைக் காலத்தில் டெல்லியின் அமராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் ராஜஸ்தானின் மாங்கணியார் கலைஞர்களை அவர்தம் சூழலிலேயே பதிந்து, இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீறி வெளியிடும் முறையை மேற்கொண்டது. சாரங்கிக் கலைஞர் லாக்கா கானின் தொகுப்பு ‘அட் ஹோம்’ என்று பெயர் பெற்றது தற்செயலன்று. இங்கே பழங்கருவி பதிவின் தொடக்கத்தில் இல்லை. அது முடிவில், கேட்போர் கையில் சேரும் தட்டில் உள்ளது. பாடுமிடம் பாடுவோர்க்கு உரியதாகவே நிற்கிறது.

தமிழ்த் திரையிசையில் மறுகலவை

தமிழில் பழம்பாடல் மீட்பு பெரிதும் திரையிசை வழியே நிகழ்ந்தது. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் பின்னணிக்குரல் முறை அறிமுகமாகும் வரை, நடிப்போர் படப்பிடிப்புத் தளத்திலேயே பாடினர். பின்னணிக்குரல் வந்தபின்பும் பல பத்தாண்டுகள் பாடகரும் இசைக்குழுவும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே ஓட்டத்தில் பாடலைப் பதிந்தனர். பாடகரின் மூச்சுக்கும் வயலின்களின் எழுச்சிக்கும் இடையே உள்ள இணக்கம் அவ்வொருங்குகூடலின் விளைவாகும்.

2000க்குப் பின் பரவிய மறுகலவைப் பாடல்கள் இதனைக் கருதவில்லை. ‘சொர்க்கம்’ (1970) படத்திற்காக எம்.எஸ்.விசுவநாதன் இசையமைத்து டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘பொன்மகள் வந்தாள்’ பாடல், ‘அழகிய தமிழ் மகன்’ (2007) படத்தில் ஏ.ஆர்.ரகுமானால் புதுக்கித் தரப்பட்டது. மெட்டும் சொல்லும் நின்றன. தாளக்கட்டும் ஒலிவடிவும் புதியனவாயின. இம்மீட்பு தன் காலத்தை மறைக்கவில்லை என்பது அதன் நேர்மை. ஆனால் பழம்பாடல் என்பது மெட்டும் சொல்லும் மட்டுமே என்ற கருத்தை இத்தகைய பாடல்கள் பெருவழக்காக்கின.

அண்மைப் போக்கு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. 1980களைக் களமாகக் கொண்ட படங்களுக்கான பாடல்கள் நாடா இரைச்சலும் மழுங்கிய உச்ச ஓசையும் பூசப்பட்டு வெளிவருகின்றன. தடம் தடமாகக் கணினியில் கட்டப்பட்ட பாடல், ஒருங்குகூடிப் பாடியது போன்ற தோற்றத்தைப் பெறுகிறது. முந்தைய மறுகலவை ஒழுங்கையும் நிறத்தையும் ஒருசேரக் கைவிட்டது. இதுவோ ஒழுங்கைக் கைவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதே ஆய்வாளர் கவனத்திற்குரியது. ஏனெனில் அது இழந்ததை இழக்காததுபோல் காட்டுகிறது.

மலைபடுகடாம் தரும் அளவுகோல்

ஒலிக்கும் இடத்திற்கும் உள்ள உறவைப் பேசத் தமிழ் மரபில் தொன்மையான அடித்தளம் உண்டு. தொல்காப்பியம் பறையையும் யாழையும் நிலத்திற்குரிய கருப்பொருள்களுள் வைத்தது. இசைக்கருவி எங்கும் ஒன்றுபோல் பயன்படும் பொதுப்பொருளாக அங்கே எண்ணப்படவில்லை. தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது.

இக்கருத்தை விரிவான காட்சியாக்குவது மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகளைக் கொண்ட இவ்வாற்றுப்படை, பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. செங்கண்மா இன்றைய செங்கம். ஜவ்வாது மலையை அடுத்து அமைந்த ஊர். பாட்டு போற்றும் சேயாறு ஜவ்வாது மலையில் தோன்றி வரும் ஆறு. ஆகவே, அம்மலைச்சூழலின் ஒலிகளைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய பதிவு இப்பாட்டே எனலாம்.

பாட்டு இசைக்கருவிகளோடு தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலியவற்றைக் கூத்தர் பைகளில் இட்டுக் கட்டிச் சுமந்து செல்கின்றனர். அச்சுமை காய்த்துத் தொங்கும் பலாக்குலைக்கு உவமிக்கப்படுகிறது. இக்கருவிகள் பயணக் கருவிகள். மலைவழி நடந்து, செல்லும் ஊரில் ஒலிப்பவை. பிரிஸ்டலுக்குச் சென்ற எடைப்பொறியோடு இவற்றுக்குள்ள ஒற்றுமை இதுவே.

பாட்டின் நடுப்பகுதி மலையில் எழும் ஓசைகளை நிரல்படக் கூறுகிறது. அருவியாடுவோர் ஆரவாரம், புலியால் புண்பட்ட கணவர்க்குப் பெண்டிர் பாடும் காப்புப்பாட்டு, குட்டியை இழந்த குரங்கினத்தின் பூசல், குறவர் குரவையாடும் ஓசை, கிளிகடியும் தட்டையின் ஒலி, கரும்பு ஆலையின் ஓசை, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, பன்றியை ஓட்ட அறையும் பறை எனப் பல்வகை ஒலிகள் அடுக்கப்படுகின்றன. இறுதியில் இவையனைத்தும் ஒருங்கே எழுந்து மலையெங்கும் எதிரொலிப்பதாகக் காட்டப்படுகிறது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை யானையின் மதமாகவும் கொண்டு நூலுக்குப் பெயரமைந்தது என்பது உரைமரபு.

இந்நிரலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பாடலும் பிற ஓசையும் இங்கே பிரிக்கப்படவில்லை. வள்ளைப்பாட்டு உலக்கை ஒலியோடு சேர்ந்தே கேட்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு பாட்டும் ஒரு தொழிலோடும் தேவையோடும் இணைந்துள்ளது. காப்புப்பாட்டு இனிமைக்காகப் பாடப்படவில்லை. புண்பட்டவன் உயிர் பிழைக்கப் பாடப்படுகிறது. மூன்றாவது, கேட்கும் இடம் குறிக்கப்பட்டுள்ளது. வழிச்செல்லும் கூத்தர் எங்கு, எதனைக் கேட்பர் என்பதே இப்பகுதியின் கட்டமைப்பு. இன்றைய சொல்லில் கூறினால், பாடலைச் சூழும் ஒலியை இப்பாட்டு இரைச்சல் என்று கழிக்கவில்லை. பொருளின் பகுதி என்று காத்தது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது, நச்சினார்க்கினியர் உரையோடு இவ்வொலிநிரலும் நமக்குக் கிடைத்தது.

காவலூரின் பழங்கருவி

அதே ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், பழங்கருவியைப் பயன்படுத்துவதற்கு வேறொரு முன்மாதிரி உள்ளது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கு வானாய்வு தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான சான்று 1977 மார்ச் 10 அன்று கிடைத்தபோது அதில் இத்தொலைநோக்கிக்கும் பங்கு இருந்தது. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கிய பின்பும் 1 மீட்டர் கருவி கைவிடப்படவில்லை. 2022இல் அது ஐம்பது ஆண்டுகளை நிறைவுசெய்தது.

அக்கருவியின் ஆடி பழையது. ஒளியைப் பதியும் உணரி காலந்தோறும் மாறியது. ஒளிப்படத்தட்டு வழக்கொழிந்து எண்ணிம உணரி வந்தது. வானியலாளர் எவரும் எண்ணிமப் படத்தின்மேல் பழைய தட்டின் புள்ளிகளைத் தூவிப் பழமை சேர்ப்பதில்லை. கருவி வயதானது என்பதற்காகப் போற்றப்படவில்லை. இன்னும் காணவல்லது என்பதற்காகப் பேணப்படுகிறது. அது நிற்கும் மலையின் இருளும் தெளிந்த வானுமே அதற்கு மதிப்பளிக்கின்றன.

அறிவியல் கருவிக்கும் கலைக்கருவிக்கும் வேறுபாடு உண்டு. இசையில் ஒலிநிறமும் அழகியற் கூறே. அதனை விரும்பிப் பயன்படுத்தும் உரிமை கலைஞர்க்கு உண்டு. இந்த மறுப்பு ஏற்கத்தக்கது. ஆனால் நிறத்தை அழகெனப் பயன்படுத்துவது வேறு. அதனை வரலாற்றுச் சான்றாகக் காட்டுவது வேறு. பின்னதற்குக் காவலூரின் கண்டிப்பே பொருந்தும்.

மலைப்பாடலுக்கு நேரும் இழப்பு

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியோர் என்னும் வழக்குக்கதையை உடைய தமிழ் பேசும் மக்கள் இவர்கள். சாமை இன்றும் இம்மலையின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று. தேனும் பலாவும் புளியும் இவர்தம் வாழ்வாதாரத்தில் இடம்பெறுகின்றன. மலைபடுகடாம் காட்டும் தினையும் தேனும் பலாவும் இம்மலைச்சூழலில் இன்றும் தொடர்பு அறாதவை.

இத்தகைய மலைப்பாடல்களைப் பதியும் களப்பணியில் இன்று இரு மென்பொருட் செயல்கள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. நகரக் கூடத்தில் தூய்மையாகப் பதிந்த பாடலுக்கு, இல்லாத இரைச்சல் சேர்க்கப்படுகிறது. மலையில் பதிந்த பாடலிலிருந்து, உள்ள இரைச்சல் நீக்கப்படுகிறது. கோழிக்குரலும் காற்றும் உடன்பாடுவோர் தயக்கமும் குழந்தை அழுகையும் ‘சத்தம்’ என்று கழிக்கப்படுகின்றன. பொய்யான பழமை கூட்டப்படுமிடத்தில் மெய்யான இடம் குறைக்கப்படுகிறது. பெருங்கௌசிகனார் காத்ததைக் கழித்துவிட்டு, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பொறியாளர்கள் கழிக்க முயன்றதைக் காக்கிறோம் என்பது இப்போக்கின் முரண்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. மலைப்பாடலை எடுத்தாளும் இசைக்குழுக்கள் அதன்மேல் தட்டின் கீறலொலியைப் பூசும்போது, பாடியவர் இறந்தகாலத்தவராகக் காட்டப்படுகிறார். உயிரோடிருந்து, குடும்ப அட்டையும் அலைபேசியும் வைத்திருக்கும் ஒருவர், பழம்பொருட்காட்சியின் குரலாகிறார். பெயர் தேவைப்படாத ‘தொல்குரல்’ ஆனபின், அவருக்குரிய பெயரும் ஊதியமும் உரிமையும் எளிதில் மறக்கப்படும். நிறம் அழகியலோடு நிற்பதில்லை, அறத்தையும் தொடுகிறது.

எல்லா இரைச்சல் நீக்கமும் தவறு என்பது இதன் பொருளன்று. சொல் புரியாத பதிவு மொழியாய்வுக்குப் பயன்படாது. தெளிவாக்கப்பட்ட படி ஒன்று இருக்கலாம். முதற்பதிவு திருத்தப்படாமல் உடனிருக்கவேண்டும். பதிப்பாசிரியர் பாடம் திருத்தும்போது மூலச்சுவடியை எரிப்பதில்லை.

முடிவுரை

பழங்கருவிகளால் பழம்பாடல்களை மீண்டும் பதியும் முயற்சிகளை, அவை எவ்வளவு பழையனவாக ஒலிக்கின்றன என்பதைக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. பாடுவோரை ஒருங்கே நிற்கச் செய்தனவா, கருவியின் பயனைப் பாடலின் தேவையோடு பொருத்தினவா, பாடலை அதன் இடத்தோடும் உரியவரோடும் இணைத்தனவா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். நாஸ் பாடிய பகுதி முதல் வினாவிற்கும், நீல் யங்கின் குரல்மடல் இரண்டாவதற்கும், ஹோப்பி ஊருக்கும் பாக்கே சென்ற ஊர்களுக்கும் நிகழ்ந்த திரும்புதல்கள் மூன்றாவதற்கும் விடையளிக்கின்றன. பூசப்பட்ட நிறம் இவற்றுள் எதற்கும் விடையளிப்பதில்லை.

ஜவ்வாது மலையில் களப்பணி செய்வோர்க்கு எடைப்பொறி தேவையில்லை. கையிலுள்ள எளிய எண்ணிமப் பதிவியே போதும். அப்பொறி கற்பித்த ஒழுங்கு தேவை. பாடுவோர் பாடும் இடத்திற்குச் செல்லுதல், ஒருங்குகூடிய நிகழ்வை முழுமையாகப் பதிதல், சூழொலியைக் கழிக்காது காத்தல், பாடியவர் பெயரை அவர் இசைவோடு குறித்தல், பதிவின் படியை ஊராரிடம் சேர்த்தல் ஆகியன அதன் கூறுகள். கூத்தர் தம் கருவிகளைச் சுமந்து மலையேறி, அங்கு எழுந்த ஓசைக்குச் செவிகொடுத்த பின்னரே தம் இசையைத் தொடங்கினர். அவ்வரிசைமுறை இன்றைய ஒலிப்பதிவுக்கும் உரியது.